மூன்றெழுத்துச் சோதனையும் நான்கு குப்பிகளும்

அறுபதைத் தாண்டிய ஆண்கள் இருக்கும் வீடுகளில் இப்போது எல்லோருக்கும் பழகிப்போன மூன்றெழுத்து ஒன்று உண்டு. பி.எஸ்.ஏ. பூங்காவில் காலையில் நடக்க வரும் நண்பர்கள் முன்பெல்லாம் "சுகர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு" என்று கேட்பார்கள். இப்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, "பி.எஸ்.ஏ. பார்த்தீங்களா?" என்றும் கேட்கிறார்கள். நாலுக்குக் கீழே என்றால் நிம்மதி. நாலைத் தாண்டினால் அன்று இரவு தூக்கம் கிடையாது.

முப்பத்து நான்கு வருடம் மருத்துவமனை ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்தவன் நான். வைத்தியம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை, சொல்லவும் போவதில்லை. ஆனால் இந்தச் சோதனைகள் எங்கிருந்து வந்தன, எதற்காக வந்தன, எப்படி இடம் மாறின என்பதைச் சொல்லலாம். அதிலும் முக்கியமாக, புராஸ்டேட் சுரப்பியில் கிருமி புகுந்தால் இந்த எண்கள் என்ன ஆகின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. புற்றுநோய் என்ற சொல்லின் நிழலில் அந்தச் சாதாரண நோய் மறைந்தே போய்விட்டது.

முதலில் சுரப்பியைப் பற்றி இரண்டு வார்த்தை. சிறுநீர்ப்பையின் கழுத்துக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி விரலில் மோதிரம் போல உட்கார்ந்திருக்கிறது புராஸ்டேட். இளவயதில் பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். வெனிஸ் நகர மருத்துவர் நிக்கோலோ மாஸா 1536-ல் இதைப் பற்றி எழுதினார். 1538-ல் வெசேலியஸ் படமாக வரைந்து வெளியிட்டார். பெயர் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'முன்னால் நிற்பவன்' என்று பொருள். விந்துத் திரவத்தில் ஒரு பங்கைச் சுரப்பதுதான் இதன் வேலை.

சிறுநீர் போகும் வழியிலேயே இருப்பதால் கிருமிகள் இதற்குள் ஏறிவிடுவது சுலபம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், அடிவயிற்றிலும் கீழே உட்காரும் இடத்திலும் வலி, நீர்க்கடுப்பு, சொட்டுச் சொட்டாகப் போவது எல்லாம் சேர்ந்து வரும். நம் ஊரில் இதற்கு ஒரே விளக்கம், "உஷ்ணம்". இளநீர் குடி, ஊறவைத்த வெந்தயத்தை விழுங்கு, தொப்புளில் விளக்கெண்ணெய் வை. சாதாரண நீர்க்கடுப்புக்கு இவை இதமாக இருக்கலாம். சுரப்பிக்குள் கிருமி குடியேறிய பிறகு இளநீர் மட்டும் போதாது.

இந்த நோயைச் சொல்ல ஆண்கள் கூச்சப்பட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1879-ல் ஆல்பர்ட் நைசர் வெட்டை நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார். அதற்குப் பின் பல பத்தாண்டுகளுக்குப் புராஸ்டேட் அழற்சி என்றாலே வெட்டை நோயின் மிச்சம் என்றுதான் மருத்துவர்கள் முதலில் நினைத்தார்கள். ஆகவே நோயாளி வாயைத் திறக்க மாட்டார். 1885-ல் தியோடர் எஷெரிக் குழந்தைகளின் மலத்தில் கண்டு விவரித்த சாதாரணக் குடல் கிருமிதான், இன்று நாம் ஈ.கோலை என்று சொல்வது, இந்தச் சுரப்பியின் முக்கிய எதிரி என்பது தெளிவாக வெகுகாலம் ஆனது. 1940-களில் பென்சிலின் வந்து வெட்டை நோய் அடங்கிய பிறகுதான் மற்ற கிருமிகளின் பங்கு துலக்கமாகத் தெரிந்தது. யோக்கியமான மனிதருக்கும் இது வரும் என்பதை மருத்துவம் ஒப்புக்கொள்ளவே அத்தனை காலம்.

இனி ரத்தத்தில் பார்க்கும் சோதனைகளுக்கு வருவோம்.

பி.எஸ்.ஏ.வுக்கு ஒரு அண்ணன் உண்டு. பெயர் ஆசிட் பாஸ்படேஸ். 1935-ல் குட்ஷர், வோல்பெர்க்ஸ் என்ற இரண்டு ஜெர்மானியர்கள், மனிதப் புராஸ்டேட்டில் இந்த என்சைம் அபரிமிதமாக இருப்பதைக் கண்டார்கள். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த அலெக்ஸாண்டர் கட்மனும் அவர் மனைவி எதெல் கட்மனும், புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களின் ரத்தத்தில் இது ஏறியிருப்பதை 1938-ல் காட்டினார்கள். 1941-ல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும், ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்த என்சைம் இறங்குகிறது, நோயும் தணிகிறது என்று நிரூபித்தார்கள். ஹக்கின்ஸுக்கு 1966-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு புற்றுநோயின் போக்கை ரத்தத்தில் ஒரு ரசாயனத்தை அளந்து பின்தொடர முடியும் என்று உலகம் கற்றுக்கொண்டது இந்த என்சைமால்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பி.எஸ்.ஏ. என்ற பேச்சே கிடையாது. ஆசிட் பாஸ்படேஸ்தான். கிங்-ஆம்ஸ்ட்ராங் முறையில் கையால் செய்வோம். பீனைல் பாஸ்பேட்டோடு சீரத்தைக் கலந்து, அமிலத் தன்மையுள்ள பஃபரில் முப்பத்தேழு டிகிரி வாட்டர் பாத்தில் வைக்க வேண்டும். என்சைம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு பீனால் பிரியும். அமினோ ஆன்டிபைரினும் பெர்ரிசயனைடும் சேர்த்தால் சிவப்பு நிறம் வரும். அதைக் கலரிமீட்டரில் வைத்து அளப்போம். இன்னொரு குழாயில் டார்ட்ரேட் சேர்த்து அதே சோதனை. டார்ட்ரேட் புராஸ்டேட்டிலிருந்து வந்த என்சைமை மட்டும் முடக்கிவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் புராஸ்டேட்டின் பங்கு.

கேட்க எளிது. செய்வதில் ஆயிரம் வம்பு. ரத்தச் சிவப்பணுக்களிலும் ஆசிட் பாஸ்படேஸ் உண்டு. ஊசியை அவசரமாக இழுத்து அணுக்கள் உடைந்திருந்தால் கணக்கு தப்பிவிடும். சீரத்தை மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், கரியமில வாயு வெளியேறி சீரம் காரமாகி, என்சைம் செத்துப்போகும். டாக்டர் ஆசனவாய் வழியாக விரல் வைத்துச் சுரப்பியைப் பரிசோதித்த கையோடு ரத்தம் எடுத்திருந்தால் எண் தானாக ஏறும். சுரப்பியில் அழற்சி இருந்தாலும் ஏறும். ஆகவே ரிசல்ட்டோடு எங்கள் சீஃப் டெக்னீஷியன் வார்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்பார்: "ரத்தம் எடுக்குறதுக்கு முன்னாடி டாக்டர் பி.ஆர். பண்ணினாரா? காய்ச்சல் இருக்கா?" பதில் வந்த பிறகுதான் ரிப்போர்ட்டில் கையெழுத்து விழும்.

அந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே காலத்தில், கிருமியைப் பிடிக்கும் வேலை அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்துகொண்டிருந்தது. அதுவரை மருத்துவர்கள் சுரப்பியை விரலால் அழுத்தி, வெளிவரும் திரவத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சீழ் அணுக்களை எண்ணுவார்கள். ஆனால் அந்த அணுக்கள் சுரப்பியிலிருந்து வந்தனவா, வரும் வழியில் குழாயில் ஒட்டிக்கொண்டனவா? யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

எட்வின் மீயர்ஸும் தாமஸ் ஸ்டேமியும் 1968-ல் ஒரு வழி சொன்னார்கள். நான்கு குப்பிகள். முதல் குப்பியில் முதலில் வரும் பத்து மில்லி சிறுநீர். இது குழாயைக் கழுவிக்கொண்டு வருவது. இரண்டாவதில் நடுவில் பிடிக்கும் சிறுநீர். இது சிறுநீர்ப்பையின் செய்தி. பிறகு மருத்துவர் சுரப்பியை அழுத்தி எடுக்கும் திரவம் மூன்றாவது. அதற்குப் பின் முதலில் வரும் பத்து மில்லி நான்காவது. நான்கையும் தனித்தனியாகக் கல்ச்சர் போட்டு, முளைக்கும் கிருமிக் கூட்டங்களை எண்ண வேண்டும். கடைசி இரண்டில், முதல் இரண்டைவிடப் பத்து மடங்காவது கூடுதலாக இருந்தால் கிருமியின் குடியிருப்பு புராஸ்டேட்தான்.

விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் தேவையில்லை. பொறுமையும் சுத்தமான கண்ணாடியும் போதும். ஒரு ஆய்வகக்காரனாக நான் இதைப் படித்தபோது ரசித்தேன். கிருமி இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், எந்த அறையில் இருக்கிறது என்று கேட்டதுதான் அவர்களுடைய சாமர்த்தியம். ஒரு எச்சரிக்கையும் கூடவே உண்டு. கடுமையான காய்ச்சலோடு வந்தவருக்குச் சுரப்பியை அழுத்தக் கூடாது. கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். இந்தச் சோதனை நாள்பட்ட நோய்க்குத்தான்.

ஸ்டேமியின் குழு இன்னொன்றையும் கவனித்தது. ஆரோக்கியமான ஆணின் புராஸ்டேட் திரவமே கிருமிகளைக் கொல்கிறது. அது எதனால்? துத்தநாகத்தால் என்று வில்லியம் ஃபேரும் கூட்டாளிகளும் 1976-ல் எழுதினார்கள். உடலில் துத்தநாகம் மிகுதியாகச் சேரும் இடங்களில் ஒன்று இந்தச் சுரப்பி. நாள்பட்ட கிருமித் தொற்று உள்ளவர்களின் திரவத்தில் அது குறைந்திருந்தது. இயல்பாகச் சற்றே அமிலமாக இருக்கும் திரவம், தொற்று வந்தால் காரத்தன்மைக்கு மாறுவதும் தெரிந்தது.

இந்த அமில-கார விஷயம் ஏதோ கெமிஸ்ட்ரி வகுப்புச் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். மருந்து வேலை செய்யுமா, செய்யாதா என்பதே இதில்தான் இருந்தது. ரத்தத்திலிருந்து இந்தச் சுரப்பிக்குள் பெரும்பாலான ஆன்டிபயாட்டிக்குகள் நுழைவதில்லை. நாய்களில் சோதித்தபோது டிரைமெத்தோபிரிம் என்ற மருந்து நன்றாக நுழைந்து தேங்கியது. நாயின் திரவம் அமிலம். காரத்தன்மையுள்ள மருந்து அங்கே போய் மாட்டிக்கொள்ளும். ஆனால் நோயுள்ள மனிதனின் திரவம் காரமாகி இருக்கிறதே! அங்கே அந்தக் கவர்ச்சி குறைந்துவிடுகிறது. நாயில் கண்ட அளவுக்கு மனிதனில் பலன் கிடைக்காததற்கு இது ஒரு காரணம். 1980-களில் நார்ஃப்ளாக்ஸசின், சிப்ரோஃப்ளாக்ஸசின் வகை மருந்துகள் வந்தன. இவை இரண்டு பக்கமும் சாயக்கூடியவை. அமிலத்திலும் காரத்திலும் நுழையும். அப்புறம்தான் பல நோயாளிகளுக்கு விடிவு. அப்போதும் மூன்று நாள் மாத்திரை போதாது, வாரக்கணக்கில் சாப்பிட வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். "காய்ச்சல் விட்டுடுச்சே" என்று பாதியில் நிறுத்துபவர்களுக்குத்தான் நோய் திரும்பத் திரும்ப வருகிறது.

இப்போது தம்பி வருகிறார். 1970-ல் ரிச்சர்ட் ஏபிளின், புராஸ்டேட்டுக்கே உரிய ஆன்டிஜென்கள் இருப்பதை அறிவித்தார். 1979-ல் பஃபலோ நகரின் ராஸ்வெல் பார்க் புற்றுநோய் நிறுவனத்தில் வாங், சூ உள்ளிட்ட குழுவினர் பி.எஸ்.ஏ.வைப் பிரித்தெடுத்துச் சுத்தப்படுத்தினார்கள். அடுத்த ஆண்டே ரத்தத்தில் அளக்கவும் வழி கண்டார்கள்.

உடம்பில் இதன் உண்மையான வேலை என்ன? கெட்டியாக வெளிவரும் விந்தை நீர்க்கச் செய்வது. விந்தில் இது ரத்தத்தில் இருப்பதைப்போலச் சுமார் பத்து லட்சம் மடங்கு இருக்கிறது. அணைக்கட்டின் ஒரு பக்கம் கடல்போலத் தண்ணீர், மறுபக்கம் ஈரம் மட்டும். அணையில் எங்கே விரிசல் விழுந்தாலும் மறுபக்கம் நனையும். புற்றுநோய் விரிசல் உண்டாக்கும். வயதாகிச் சுரப்பி பெருத்தாலும் கசியும். கிருமி புகுந்து வீங்கினால் குபுகுபுவென்று கொட்டும். ரத்தத்தில் வந்து விழும் பி.எஸ்.ஏ. தான் எந்த விரிசல் வழியாக வந்தேன் என்று சொல்லாது.

இதைப் பெரிய அளவில் 1987-ல் எழுதிக் காட்டியவர் யார் தெரியுமா? நான்கு குப்பிகளின் அதே ஸ்டேமி. 699 நோயாளிகளின் 2,200 சீரம் மாதிரிகளை ஆராய்ந்து, அண்ணனைவிடத் தம்பி கெட்டிக்காரன் என்றார். சுரப்பியை அழுத்தினாலே பி.எஸ்.ஏ. ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஏறுகிறது என்பதும் அதே ஆய்வில் இருந்தது. கிருமித் தொற்றில் அது எகிறுவது பற்றியும் 1980-களின் முடிவுக்குள் மருத்துவ இதழ்களில் வந்துவிட்டது. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1986-ல் இந்தச் சோதனைக்கு அனுமதி தந்தது, ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவரைக் கண்காணிக்க மட்டும். 1994-ல்தான் நோயைக் கண்டறிய உதவும் சோதனையாகவும், அதுவும் விரல் பரிசோதனையோடு சேர்த்து, அனுமதி கிடைத்தது. அதன் பிறகு ஹெல்த் செக்-அப் பேக்கேஜ்களில் ஒரு வரியாக நம் ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது.

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்பதை என் சொந்தத்தில் பார்த்தேன். என் அக்கா வீட்டுக்காரர், எனக்கு அத்தான், அப்போது அறுபத்தாறு வயது. ஒரு கல்யாணத்துக்காக இரவெல்லாம் பஸ் பயணம் போய்வந்தார். மறுநாள் நடுக்கத்தோடு காய்ச்சல், நீர் பிரியச் சிரமம். தெருமுனை மருந்துக்கடையில் இரண்டு நாள் மாத்திரை வாங்கிப் போட்டதில் காய்ச்சல் தணிந்தது. "இந்த வயசுல ஒரு தடவை முழுசா பாத்துடலாம்" என்று அவர் மகன் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப்போய்ப் பேக்கேஜ் எடுத்தான். பி.எஸ்.ஏ. 31. தடித்த எழுத்தில், பக்கத்தில் நட்சத்திரக் குறியோடு. அடுத்த வாரமே பயாப்சிக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

அக்கா போன் செய்தபோது அழவில்லை. "தம்பி, உங்க அத்தான் நேத்திலேர்ந்து பாங்கு பாஸ்புக், பத்திரம் எல்லாம் எடுத்து எனக்கு வெளக்கிட்டு இருக்காரு" என்று மட்டும் சொன்னாள்.

போய் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். அச்சு அழகாக இருந்தது. சிறுநீரில் சீழ் அணுக்கள் நிறைய என்று இரண்டாம் பக்கத்தில் அதுவே சொல்லியிருந்தது. ஆனால் பத்து நாளைக்கு முன் காய்ச்சல் வந்ததா என்று அந்த இடத்தில் யாரும் அத்தானைக் கேட்கவில்லை. சிறுநீர்க் கல்ச்சர் பேக்கேஜில் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு யூராலஜிஸ்டிடம் அழைத்துப்போனேன். கதை முழுவதையும் கேட்டுவிட்டு முதலில் கல்ச்சருக்கு அனுப்பினார். மெக்கான்கி பிளேட்டில் ரோஜா நிறத்தில் ஈ.கோலை. எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்த்து நான்கு வாரம் மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து பி.எஸ்.ஏ. 5.2. ஐந்து மாதத்தில் 2.3. பயாப்சி தேவைப்படவில்லை.

காத்திருந்ததில் இன்னொரு நன்மையும் இருந்தது. ஆசனவாய் வழியாகச் செய்யும் பயாப்சி ஊசி, குடல் கிருமிகளைச் சுரப்பிக்குள் கொண்டு சேர்த்துவிடக்கூடும். தொற்று இருக்கும்போதே குத்தினால் ரத்தத்தில் கிருமி பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் இப்போது பல இடங்களில் தோல் வழியாகச் செய்கிறார்கள்.

ஆனால் இந்தக் கதையை மட்டும் கேட்டுவிட்டு யாரும் மருத்துவரைத் தட்டிக்கழிக்க வேண்டாம். எங்கள் தெருவிலேயே இன்னொருவர். அவருக்கும் எண் ஏறியிருந்தது, அவருக்கும் சிறுநீரில் தொற்று. மாத்திரை முடித்த பிறகு இறங்கியது, ஆனால் இயல்புக்கு வரவில்லை. மருத்துவர் விடாமல் ஸ்கேனும் பயாப்சியும் செய்தார். புற்றுநோய் இருந்தது. ஆரம்ப நிலை என்பதால் சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கிறார். காத்திருப்பதற்கும் கண்டுகொள்ளாமல் விடுவதற்கும் உள்ள வித்தியாசம் அவருடைய உயிர்.

அமெரிக்காவில் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2004-ல் ஸ்டேமி, தான் தூக்கி நிறுத்திய பி.எஸ்.ஏ.வின் காலம் முடிந்துவிட்டது என்று எழுதினார். அந்த எண் பெரும்பாலும் சுரப்பியின் சாதாரணப் பருமனைத்தான் காட்டுகிறது என்பது அவர் வாதம். 2010-ல் ஏபிளின் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில், எல்லோருக்கும் இந்தச் சோதனையைச் செய்வது பொதுச் சுகாதாரத்துக்கு நேர்ந்த பெருங்கேடு என்று சாடினார். மற்ற நிபுணர்கள் இவ்வளவு தூரம் போகவில்லை. இந்தச் சோதனையால் காப்பாற்றப்பட்டவர்களும் உண்டு. வாதம் இன்றும் ஓயவில்லை.

நான்கு குப்பிகளின் கதி என்ன? நேரம் பிடிக்கிறது என்று பெரும்பாலான மருத்துவர்கள் அதைச் செய்வதே இல்லை. கனடாவின் கர்ட்டிஸ் நிக்கல் 1997-ல் அதை இரண்டு குப்பிகளாகச் சுருக்கித் தந்தார்: அழுத்துவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் 1995-ல் புராஸ்டேட் அழற்சியை நான்கு வகையாகப் பிரித்தது. கிருமியால் திடீரென வருவது, கிருமியால் நாள்பட்டு வருவது, கிருமி காணப்படாத நாள்பட்ட வலி, தொந்தரவே இல்லாமல் சோதனையில் மட்டும் தெரியும் அழற்சி. இதில் பெரும்பான்மை மூன்றாவது வகைதான். அவர்களுக்கு ஆன்டிபயாட்டிக்கை மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டே இருப்பதும் தவறு.

ரத்தத்தில் கிருமித் தொற்றைக் காட்டும் பொதுவான அடையாளங்களும் உண்டு. 1930-ல் கண்டறியப்பட்ட சி.ஆர்.பி., 1993-க்குப் பின் புழக்கத்துக்கு வந்த புரோகால்சிடோனின் ஆகியவை. உடம்பில் எங்கோ தீப்பற்றியிருக்கிறது என்று இவை சொல்லும். எந்த அறை என்று சொல்லாது. எந்த அறை என்று பி.எஸ்.ஏ. சொல்லும், ஏன் என்று சொல்லாது. ஏன் என்பதற்கு நோயாளியின் வாயையும் கல்ச்சர் பிளேட்டையும்தான் கேட்க வேண்டும்.

ஆகவே என் வயது நண்பர்களுக்கு ஒரே ஒரு யோசனை. பி.எஸ்.ஏ. ரத்தம் கொடுக்கும்முன் நீங்களாகவே இதையெல்லாம் சொல்லிவிடுங்கள்: சமீபத்தில் காய்ச்சல், நீர்க்கடுப்பு இருந்ததா, சிறுநீர் பிரிய டியூப் போட்டார்களா, புராஸ்டேட்டுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா. தொற்று இருந்திருந்தால், அது ஆறிய பின் குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் விட்டு மறுபடி பார்ப்பது மருத்துவர்களின் வழக்கம். மறுபடி பார்ப்பதை மறந்துவிடவும் கூடாது. தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

இன்றைய இயந்திரங்கள் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான மாதிரிகளை அளந்து தள்ளுகின்றன. எங்கள் காலத்துக் கலரிமீட்டரைவிட அவை பல மடங்கு துல்லியமானவை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் "காய்ச்சல் இருக்கா?" என்று வார்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்க அவற்றுக்குத் தெரியாது. யாரும் கேட்காவிட்டால், நாம்தான் சொல்ல வேண்டும்.